கத்தரிக் கொல்லையில் நட்ட மேப்பிள்

ஹொசோனுமா கியோனோ முதன்முதலாக ஒட்டுக் கத்தியைக் கையில் எடுத்தது 1947 பிப்ரவரியில். ஆசைப்பட்டு எடுக்கவில்லை. கணவன் சதயோஷி ஆத்திரத்தில் விட்டெறிந்த கத்தி அவள் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள், அவ்வளவுதான்.

சதயோஷி போர்முனையிலிருந்து திரும்பும்போது வலது கையில் மூன்று விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் அங்யோ ஊரில் தெருவுக்குப் பத்து நர்சரி. அதில் ஹொசோனுமா வீடு மூன்று தலைமுறையாக, இலையுதிர் காலத்தில் இலை சிவக்கும் மேப்பிள் மரம் மட்டுமே வளர்த்த வீடு. மேப்பிளை விதை போட்டு முளைக்க வைக்கலாம், ஆனால் தாய் மரத்தின் நிறமும் இலையும் அப்படியே வராது. நல்ல சாதி வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த வேலை ஆண்களுடையது. பெண்கள் களை பறிப்பார்கள், வேரோடு மண்ணை வைக்கோலில் பொதிவார்கள், ஒட்டுக்குக் கட்டுப் போட நாரை நனைத்துக் கொடுப்பார்கள். கத்தியைத் தொடமாட்டார்கள். தொடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் எந்தப் பெண்ணும் தொட்டதில்லை.

அன்று காலையிலிருந்து சதயோஷி இடது கையால் வெட்டிப் பார்த்தான். வெட்டு கோணலாகப் போனது. இருபதாவது குச்சியோடு பொறுமை போய்க் கத்தியை எறிந்தான். நெல் வயல்காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த கியோனோவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. மரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது சொற்பம்.

"எங்க வெட்டணும்னு சொல்லுங்க. கண்ணு உங்களுது, கை என்னுது" என்றாள்.

முதல் குளிர்காலத்தில் இருநூறு ஒட்டுக் கட்டினாள். பிடித்தது பதினொன்று. ஹொசோனுமா வீட்டில் விறகை விறகோடு சேர்த்துக் கட்டுகிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அது கியோனோ காதுக்கும் வந்தது. அவள் அந்தப் பதினொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏன் பிடித்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செத்துப்போன நூற்று எண்பத்தொன்பதையும் எறியாமல் பிரித்துப் பார்த்தாள். வெட்டிய முகம் காற்றில் இரண்டு மூச்சு நேரம் கூடுதலாக இருந்தாலே காய்ந்துவிடுகிறது என்பது அவளாகக் கண்டுகொண்டது. அதற்குப் பிறகு, வெட்டிய குச்சியை உதட்டில் கவ்விக்கொண்டு, விதையில் முளைத்த வேர்ச்செடியில் பிளவைப் போட்டு, உடனே எடுத்துச் சொருகுவாள். ஐந்தாவது வருடத்தில் பத்துக்கு ஒன்பது பிடித்தது. பிப்ரவரி முழுக்க அவள் வாயில் குச்சி இருக்கும். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் நிம்மதி என்று சதயோஷி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படியே போயிருந்தால் கியோனோவைப் பற்றி, கைத்திறம் உள்ள பெண் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

1961-ல் தோக்கியோ நகரம் ஒலிம்பிக் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. புதுச் சாலை, புது ஹோட்டல், எல்லாவற்றுக்கும் மரம் வேண்டியிருந்தது. மரமெல்லாம் அங்யோவிலிருந்துதான் போனது. சதயோஷியின் தம்பி தொகுசோவுக்குப் பேச்சு வரும், மூன்று சக்கர வண்டி ஓட்ட வரும். விற்பனை அவன் பொறுப்பு. ஒரு பெரிய ஹோட்டல் தோட்டத்துக்கு அறுநூறு ஒட்டு மரம் தருவதாக ஒப்புக்கொண்டு வந்தான். இருந்த நிலம் போதாது. பக்கத்தில் ஒரு விவசாயி வருடக்கணக்காகக் கத்தரி போட்டு வந்த கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். கியோனோ அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். நன்றாக எரு ஏறிய மண். அவளும் சரி என்றாள். பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, தான் சரி என்று சொன்ன இந்த இடத்தை அவள் ஒருபோதும் விட்டுவிட்டுச் சொன்னதில்லை.

இரண்டு வருடத்தில் மூவாயிரம் கன்று அங்கே நின்றது. முதலில் வளர்ந்தவற்றில் இருநூற்றுச் சொச்சம் 1962 இலையுதிர் காலத்திலேயே விற்றும் போயிற்று.

அடுத்த வருடம் ஜூன், மழைக்காலம். ஒரு மரத்தின் கிழக்குப் பக்கக் கிளைகள் மட்டும் இலை தொங்கி நின்றன. மேற்குப் பக்கம் பசுமையாக இருந்தது. மழை பெய்கிற மாதத்தில் தண்ணீர்க் குறையாக இருக்க வழியில்லை. நான்கு நாளில் அதே மூலையில் நாற்பது மரம் அப்படி நின்றது. கியோனோ ஒரு கிளையை வெட்டிப் பார்த்தாள். மேப்பிள் கட்டை முள்ளங்கி போல வெள்ளையாக இருக்கும். இதில் தண்ணீரில் மை சிந்தியது போல கரும்பச்சைத் திட்டுகள் ஓடியிருந்தன.

விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மண்ணில் இருக்கும் பூஞ்சை, கத்தரி போட்ட நிலத்தில் சேர்ந்துவிடும், வேர் வழியாக ஏறி மரம் தண்ணீர் குடிக்கும் குழாயை அடைத்துவிடும், மருந்து கிடையாது, பத்து வருடமானாலும் மண்ணை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

தொகுசோ அன்றே ஒரு வழி சொன்னான். நாற்பதைப் பிடுங்கிப் போடுவோம், மற்றதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவோம். கியோனோ கை ரம்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லையின் மறுகோடிக்குப் போனாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத பத்து மரத்தை, அவளே கட்டி வளர்த்த பத்தை, அடியோடு அறுத்துப் போட்டாள். நாலில் கறை இருந்தது.

"பத்துல ஆறு நல்லாத்தானே அண்ணி இருக்கு?"

"எந்த ஆறுன்னு அறுக்காம சொல்லு பாப்போம்."

தொகுசோ விடவில்லை. மூன்று நாள் வீட்டில் இதே பேச்சுதான். சதயோஷி முதல் இரண்டு நாள் தம்பி பக்கம் இருந்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது: ஹோட்டல்காரர்கள் நட்ட பிறகு இரண்டு மூன்று வருடம் கழித்துச் சாகும், அதற்குள் நூறு காரணம் வந்துவிடும், ஊரில் யாரும் இப்படித் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதில்லை. மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில், மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கியோனோ சொன்னாள்:

"மரம் செத்தா அவங்க நம்மளத் திட்டமாட்டாங்க. திட்டுனாக்கூடப் பரவாயில்ல. தனக்குத்தான் கைராசி இல்லன்னு நெனச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் ஒரு மரமும் வெக்கமாட்டாங்க."

சதயோஷி தன் வலது கையைப் பார்த்தான். பிறகு எழுந்து போய்க் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தான்.

ஹோட்டல் வியாபாரத்தைக் கைவிட்டு, மீதி நின்ற கன்றுகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி அங்கேயே எரித்தார்கள். ஈர மரம் எளிதில் எரியவில்லை. மழைக்கு நடுவே நடுவே, ஐந்து நாள் புகைந்தது. தொகுசோ முதல் நாள் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வந்து பிடுங்கினான். ஐந்தாம் நாள் கடைசி வேர் எரிந்ததும், தோக்கியோவில் ஒரு தோட்டக் கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்ட வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துணி மூட்டையோடு கிளம்பினான். போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொண்டான். அண்ணியிடம் சொல்லவில்லை.

தெருவில் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. கியோனோ பக்கத்து நர்சரிகளுக்கெல்லாம் போய், எங்கள் கொல்லையில் நோய் வந்திருக்கிறது, மண்வெட்டியை இரவல் கொடுக்காதீர்கள், செருப்பைக் கழுவிவிட்டு வயலில் இறங்குங்கள் என்று சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் செய்தி வாங்குபவர்கள் காதுக்குப் போய், அந்த இலையுதிர் காலத்தில் அந்தத் தெருவுக்கே வியாபாரிகள் வரவில்லை. வாயில் குச்சியை வைத்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்று கியோனோ வீட்டுக்கு வந்து சதயோஷியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, மறுநாள் அவர் பக்கத்து வீட்டுக்கும் போய் நோய் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

விற்றுப்போன இருநூறு மரம் பாக்கி இருந்தது. தொகுசோ விட்டுப்போன நோட்டில் முகவரி இருந்தது. நாற்பத்து மூன்று வீடு. சைக்கிளில் போகக்கூடியதற்குச் சைக்கிளில், மற்றதற்கு ரயிலில், அந்தக் கோடையிலேயே பதினொரு நாள் அலைந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் குனிந்து வணங்கி, விற்ற மரத்தில் நோய் இருக்கலாம், பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்பாள். ஒரு சின்னக் கிளையை வெட்டிக் காட்டுவாள். பணத்தைத் திருப்பித் தரட்டுமா, சுத்தமான மரம் வளர்த்துத் தரட்டுமா, எது வேண்டும் என்று கேட்பாள். சிலர் தேநீர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர், செத்தால் சாகட்டும், இலை இருக்கிறவரை பார்க்கிறேன் என்று சொல்லி வெட்டவே விடவில்லை.

ஒன்பதாம் நாள் கொஷிகயா ஊரில், சோயாப் பாலைத் திரித்துத் தோஃபுக் கட்டி செய்து விற்கும் கடை வைத்திருந்த ஷிகே அம்மா வீட்டுக்குப் போனாள். கணவனை இழந்தவர், ஒரே மகள் மிட்சுயோ கல்யாணமாகி முந்தைய நவம்பரில் பிரேசிலுக்குக் கப்பல் ஏறியிருந்தாள். மகள் யோகோஹாமா துறைமுகத்துக்குக் கிளம்பிய அதே வாரம், கடைக்குப் பின்னால் கிணற்றடியில் இந்த மேப்பிளை நட்டிருந்தார். மே மாதம் சிவப்புத் தளிர் விட்டதும் ஒரு இலையைப் புத்தகத்தில் வைத்து அழுத்திக் கடிதத்தோடு அனுப்பினார். காப்பித் தோட்டத்து வீட்டில் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், எப்போது கையில் காசு சேர்கிறதோ அப்போது வந்து அந்த மரத்தைப் பார்ப்பேன் என்று மகள் பதில் எழுதியிருந்தாள்.

கியோனோ போனபோது இரண்டு கிளை வாடித் தொங்கியது. அவள் சொல்லி முடிக்கும்வரை ஷிகே அம்மா தோஃபு வெட்டும் பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப தோஃபு தண்ணி காரணமில்லையா?"

கியோனோவுக்குப் புரியவில்லை. தோஃபு பிழிந்த தண்ணீர் சத்தாயிற்றே என்று தினமும் மரத்துக்கு ஊற்றி வந்திருக்கிறார். இலை வாடிய நாளிலிருந்து, நான்தான் ஊற்றி ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்று மருகியிருக்கிறார். மகளுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று வாரமாகக் கடிதமே போடவில்லை.

"காரணம் இல்லீங்க. தப்பு எங்க பக்கம். எங்க கொல்லையிலேயே இது நோயோடதான் இருந்திருக்கு."

"இதச் சொல்றதுக்கா ரயிலேறி வந்தே?" என்றார் ஷிகே அம்மா. பிறகு ஒரு துண்டு தோஃபுவைக் கிண்ணத்தில் போட்டு, இஞ்சி துருவி, கியோனோவின் முன்னால் வைத்தார். அவள் சாப்பிடுகிறவரை உள்ளே போய்விட்டார். உள்ளே என்ன செய்தார் என்று கியோனோ பார்க்கவில்லை.

வேறு மரம் வேண்டாம், இதே மரம்தான் வேண்டும் என்றார் ஷிகே அம்மா. கியோனோ மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நோயில்லாத பக்கத்தில், உச்சியில், அந்த வருடம் விட்ட கொழுந்துகளைத் தேர்ந்தெடுத்து வெட்டினாள். முகம் வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருப்பதால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது. அதையும் அவரிடம் சொன்னாள். ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

மலையிலிருந்து புது மண் கொண்டுவரச் செய்து, காலி மண்ணெண்ணெய் டின்களில் நிரப்பி, வேர்ச்செடி நட்டுப் பன்னிரண்டு ஒட்டுக் கட்டினாள். டின்களைக் குளியலறைக்குப் பின்னால் தனியாகக் கல் மேல் வைத்தாள். அவற்றுக்கு வேறு கத்தி, வேறு செருப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஷோச்சூ சாராயத்தில் முக்கி எடுத்தாள். "இந்த வீட்ல கத்திக்குக் கெடைக்கிற மரியாதை எனக்கில்ல" என்று சதயோஷி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து வருத்தப்பட்டான். பன்னிரண்டில் ஏழு பிடித்தது. அடுத்த இரண்டு கோடையில் ஐந்தில் கறை தெரிந்தது, எரித்தாள். இரண்டு நின்றது.

கொஷிகயாவில் தாய் மரம் 1964 ஆகஸ்டில் முழுதாகக் காய்ந்தது. அந்த நவம்பரில் கியோனோ டின் கன்றிலிருந்து நன்றாகச் சிவந்த இலை ஒன்றைப் பறித்து ஷிகே அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினாள். அது பிரேசிலுக்குப் போனது. அதற்கடுத்த நவம்பரிலும் போனது.

கொல்லை மண்ணை நம்ப முடியாது என்றான பிறகு, கியோனோ எல்லா மேப்பிளையுமே டின்னில் வளர்க்க ஆரம்பித்தாள். கத்தரிக் கொல்லையில் கோதுமை போட்டார்கள். அதை அந்தப் பூஞ்சை தொடாது. வீட்டு முன்னால் வரிசை வரிசையாகத் துருப்பிடித்த டின். சோயா சாஸ் டின், மண்ணெண்ணெய் டின், பிஸ்கட் டின். ஊறுகாய்க் கடை ஜோராக நடக்கிறதா என்று தெருவில் கேட்டார்கள். டின்னில் வேர் கோடையில் வெந்துபோகும், குளிரில் உறையும் என்று விஷயம் தெரிந்தவர்களே சொன்னார்கள். அதுவும் உண்மைதான். முதல் வருடம் பாதி போயிற்று. நாணல் தட்டியால் நிழல் கட்டினாள். டின்னின் அடியில் ஆணியால் எத்தனை ஓட்டை போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். குளிரில் டின்களை நெருக்கி வைத்து உமி கொட்டினாள். இரண்டாம் வருடம் பத்தில் ஒன்றுதான் போனது.

1965 ஆகஸ்டில், வெயில் மண்டையைப் பிளக்கிற மதியத்தில், வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தொகுசோ இறங்கினான். இரண்டு வருடமாக அவன் வீட்டுக்கு வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டின் வரிசையையே பார்த்தபடி நின்றான்.

அவனுடைய முதலாளி ஒரு தோட்டத்தை அடுத்த வாரம் முடித்துக் கொடுத்தாக வேண்டும். கோடையில் மண்ணிலிருந்து மேப்பிளைப் பிடுங்கினால் நடுகிற அன்றே கருகிவிடும். தோக்கியோவைச் சுற்றி எங்கே கேட்டாலும் நவம்பர்வரை பொறு என்கிறார்கள். டின்னில் இருக்கும் மரத்துக்கு அந்தக் கணக்கில்லை. வேர் அறுபடாமல் எந்த மாதமும் எடுத்து நடலாம். இதை லாரி ஓட்டிக்கொண்டே யோசித்து, லாரியை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறான்.

"அண்ணி, டின்னோட குடுப்பீங்களா?"

"காலக் கழுவிட்டு உள்ள வா" என்றாள் கியோனோ.

அவன் கழுவினான். பார்லித் தேநீர் குடித்தான். எண்பது டின் ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த மாதம் துணி மூட்டையோடு திரும்பி வந்தான். எரித்த நாட்களைப் பற்றி இருவரும் அதன்பிறகு பேசியதாகத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்குள் தெருவில் பாதி வீடுகளில் டின் வரிசை வந்துவிட்டது. ஓட்டை எத்தனை போட வேண்டும் என்று கேட்டு வந்தவர்களில், வாயில் குச்சியோடு இருந்திருக்கலாம் என்று சொன்னவரும் ஒருவர். கியோனோ அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். பழைய ஆணியையும் கொடுத்தனுப்பினாள்.

1967 வசந்தத்தில், ஷிகே அம்மாவின் மரத்திலிருந்து தப்பி நின்ற அந்த இரண்டு கன்றில் நன்றாக இருந்ததைத் தொகுசோவின் வண்டியில் ஏற்றிக் கொஷிகயாவுக்குக் கொண்டுபோனாள். கிணற்றடியில் பழைய மண்ணை இடுப்பளவு தோண்டி அப்புறப்படுத்தி, மலை மண் நிரப்பி நட்டாள். ஷிகே அம்மா மகளிடம் மரம் செத்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. கடிதம் போடுவதற்குத்தான் தபால் தலை, கவலையை அனுப்புவதற்கா என்பார்.

மிட்சுயோ 1972-ல் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அன்று நடந்ததை ஷிகே அம்மா கியோனோவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மகள் கிணற்றடிக்குப் போய் மரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாளாம். "பத்து வருஷத்துல இவ்வளவுதான் வளந்துச்சா?" என்றாளாம். "ஒன் ஒடம்பு பெருத்துப் போச்சு, அதான் ஒனக்கு மரம் சின்னதாத் தெரியுது" என்றாராம் ஷிகே அம்மா. அதற்குப் பிறகு தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். மகள் கோபித்துக்கொள்ளவில்லை. இலை அனுப்பிய அந்த அக்கா யார், அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்யோவுக்கு வந்து, கியோனோவின் கையில் ஒரு பொட்டலம் காப்பிக் கொட்டையைக் கொடுத்தாள். அதை என்ன செய்வதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சதயோஷி சோயாவை வறுப்பதுபோல வறுத்து வாயில் போட்டு மென்று பார்த்தான்.

சதயோஷி 1978-ல் இறந்தான். கியோனோ வேலையை நிறுத்தவில்லை. அடுத்த பிப்ரவரியிலும் ஒட்டுக் கட்ட உட்கார்ந்தாள். எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் தேவைப்படாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வருடம் மட்டும் பத்தில் ஆறுதான் பிடித்தது என்று தொகுசோ சொல்வான்.

மேப்பிளோடு முப்பத்து நாலு வருடம் வாழ்ந்தவள், மலையில் மேப்பிள் சிவப்பதைப் பார்த்ததே இல்லை. நாடே மலைக்குப் போய் இலை பார்க்கிற நவம்பர்தான் நர்சரிக்காரர்கள் ஏற்றி இறக்கி முதுகொடிகிற மாதம். 1981-ல் நர்சரிச் சங்கத்தார் நிக்கோ மலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்தபோது, தொகுசோ அவளைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டான்.

மற்றவர்கள் அருவியருகே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கியோனோ பாதையை விட்டு இறங்கி மரங்களுக்குள் போனாள். முதலில் பழக்க தோஷத்தில் அடிமரத்தைத்தான் பார்த்தாள். ஒட்டுத் தழும்பு எங்கே என்று கை தேடியது. ஒரு மரத்திலும் இல்லை. எல்லாம் தானாக விழுந்து தானாக முளைத்தவை. ஒன்றைப் போல ஒன்று இல்லை. பாறை இடுக்கில் வேர் விட்டு, பாதிக் கிளையைப் பனிக்குக் கொடுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தச் சாய்விலும் சிவந்து நின்றன. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தாள்.

பேருந்து கிளம்பும் நேரமாயிற்று. ஆளைக் காணவில்லை. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். தொகுசோ அவரிடம் ஏதேதோ பேச்சுக் கொடுத்து இருபது நிமிடம் நிறுத்தி வைத்தான். பிறகு தானே தேடிக்கொண்டு போனான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரத்தடியில், முழங்காலில் இலை அப்பியபடி கியோனோ உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி, ஒடம்பு சரியில்லையா?"

"இதுக்கெல்லாம் யாருடா தண்ணி ஊத்துனா?" என்று கேட்டாள் அவள்.

தொகுசோவும் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்றாவது ஹாரன் சத்தம் கேட்டபோதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.